சித்ரலேகா டீச்சர் வைத்த தண்ணீர்

ஓய்வுபெற்ற கையோடு சித்ரலேகா டீச்சரும் கணவர் குமரகுருபரனும் நெல்லை டவுனை விட்டு, வடக்கே புதிதாய் முளைத்த நகரில் வீடு கட்டிக் குடிவந்தார்கள். கடைசி மனை. பின்சுவரைத் தாண்டினால் கம்பிவேலி. அதற்கப்பால் மான்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய உடைமரக் காடு. காடு என்று பேர்தான். செம்மண், பாறை, முள். மான் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கலாம் என்று புரோக்கர் சொன்னது மட்டும் பொய்யில்லை.

இரண்டு கோடை நல்லபடியாகப் போயிற்று. அதற்குள் சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்டன. வீட்டுக்கு வீடு ஆழ்துளைப் போர். மூன்றாம் வருஷச் சித்திரையில் காட்டுக் குட்டை வெடித்துக் கிடந்தது. வேலி இடைவெளியில் நுழைந்து வந்த மான்கள் சுவரோரம் நின்றன. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. வெளியே சிமெண்டுத் தொட்டி வைத்து நிரப்பினார்.

காட்டுக் காவலர் எஸ்றா ஒரு மத்தியானம் பைக்கில் வந்தார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இங்கன தண்ணி வைக்க வேண்டாம்."

"தவிச்சு நிக்குத சீவனுக்குக் கொடுக்கப்பிடாதா?"

"தண்ணிக்கு வெளிய வந்தா நாய் விரட்டுது. பயந்து நாலுவழிச் சாலைக்கு ஓடுது. போன வாரம் ரெண்டு அடிபட்டுச்சு."

"காட்டுக்குள்ள தொட்டி இல்லையா?"

"இருக்கு. தண்ணி லாரி ஒழுங்கா வந்தாத்தானே."

அன்றே தொட்டியைக் கவிழ்த்தார். மறுநாளும் மான்கள் வந்து நின்றன. அடுப்படி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். எங்கே நாய் குரைத்தாலும் கை வேலை நின்றுவிடும்.

"நாலு நாள்ல அதுவே உள்ள போயிரும்," என்றார் குமரகுருபரன்.

போகவில்லை. ஒரு காலையில் குரைப்பு பின்சுவரிலேயே கேட்டது. டீச்சர் ஒட்டடைக் கம்போடு ஓடினார். சினைமான் ஒன்று வேலிக்கம்பியில் கால் மாட்டிக் கிடக்க, மூன்று நாய்கள் பிடுங்கிக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கம்பை வீசினார். குமரகுருபரன் கல்லெறிந்த பிறகுதான் அவை விலகின. டீச்சர் மானின் முகத்தைத் துண்டால் மூடிவிட்டு, எஸ்றாவும் மாட்டு டாக்டரும் வரும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தார். துண்டுக்கடியில் அது மூச்சு வாங்கியது அவர் உள்ளங்கையில் இடித்தது.

மான் பிழைத்தது. குட்டி தங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நகர்க் கூட்டத்தில் டீச்சர் எழுந்து, வாரம் ஒரு லாரித் தண்ணீர் காட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு விட வேண்டும் என்றார்.

"நமக்கே பத்தலையே, டீச்சர்," என்றார் ஒருவர்.

"அது குடிச்ச தண்ணியத்தான நாம போர் போட்டு உறிஞ்சுதோம்?" கேட்டுவிட்டு அவர் உட்காரவில்லை. இழுபறிக்குப் பின், மழை வரும்வரை என்று ஒத்துக்கொண்டார்கள். நாய்கள் சேராமலிருக்க, கறிக்கடைக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டக்கூடாது என்றும் முடிவாயிற்று. அதன்படி யாரும் நடக்கவில்லை.

முதல் லாரியோடு டீச்சரும் உள்ளே போனார். தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கையில், காட்டின் மேற்கு விளிம்பில் வரிசையாய்ப் புதுக் கொடிகள் பறப்பதைப் பார்த்தார்.

"அது என்ன, எஸ்றா?"

"புது மனைப் பிரிவு, டீச்சர்."

"அங்கனயும் போர் போடுவாங்களோ?"

"போடத்தானே செய்வாங்க," என்று எஸ்றா குழாயைப் பைய நகர்த்திப் பிடித்தார்.