நாலு பேருக்கு ஒரு நாள் நடை

எங்கள் வீட்டில் தபால் பெட்டி வரைக்கும்கூட யாரும் நடந்து போனது கிடையாது. வெளியே போய்விட்டு வரும்போது காரை ஓரங்கட்டிக் கடிதத்தை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அப்படிப்பட்ட குடும்பம், காலையிலிருந்து பொழுது சாயும்வரை காடு மேடெல்லாம் நடந்து கோட்டை கோட்டையாகப் பார்க்கப்போகிறது, அதுவும் ஜெர்மனியில் என்றால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் முழுசாக நம்பினேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் அக்காவின் வயது. அவள் ஈரோட்டில் பிறந்து, பால்குடி மறந்த கையோடு அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டு கலிபோர்னியா வந்தவள். நான் சான்டா கிளாராவிலேயே பிறந்தவள். ஒரே வீடு, ஒரே குழம்பு, பாஸ்போர்ட் மட்டும் வேறு. அப்பாவின் விசாவில் பிள்ளைகள் இருபத்தொரு வயது வரைக்கும்தான் ஒட்டியிருக்கலாம். அதற்குள் கிரீன் கார்டு வந்துவிடும் என்று அப்பா வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். வரவில்லை. அவளை மாணவர் விசாவுக்கு மாற்றிப் பார்த்தார்கள், அதுவும் கூடிவரவில்லை. கடைசியில் செலவு குறைவு என்று ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் இடம் வாங்கினார்கள். பிறந்தநாளுக்கு முன்னால் அவள் இந்த நாட்டைவிட்டுப் போயாக வேண்டும். இதையெல்லாம் எனக்கும் சொன்னார்கள். அக்கா படிக்கப்போகிறாள் என்பது என் காதில் விழுந்தது. போகிறாள் என்பது விழவில்லை.

"வெறும்னே ஆஸ்டல்ல தள்ளிவிட்டுட்டு வர எனக்கு மனசு வராதுங்க. ஒரு நாளாச்சும் நாலு பேரும் சேந்தாப்புல இருக்கோணும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா தேடிப் பார்த்ததில், அக்கா இருக்கப்போகிற ஊரிலிருந்தே ஒரு நடைபாதை கிளம்புகிறது என்று தெரிந்தது. காட்டுக்குள் ஏறி, மூன்று பழைய கோட்டைகளைத் தொட்டு, சின்னச்சின்ன கிராமங்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு அதே ஊருக்குத் திரும்பும் பாதை. கொண்டுபோய் விடுகிற சாக்கில் அந்த ஒரு நாள் நடப்பது என்று முடிவாயிற்று.

அப்பாவுக்கு ஆபீசில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பால் காய்ச்சுவதென்றாலும் திட்டம் போட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் லேப்டாப்பை டிவியில் மாட்டுவார். யாரோ ஒரு ஜெர்மன்காரர் நெற்றியில் காமிராவைக் கட்டிக்கொண்டு அந்தப் பாதை முழுக்க நடந்து எடுத்த வீடியோ ஓடும். மனுஷர் வாயே திறக்கமாட்டார். அவர் மூச்சிரைப்பதும் சருகு நொறுங்குவதும் மட்டும் எங்கள் ஹாலில் கேட்டுக்கொண்டே இருக்கும். "இந்தாளு தண்ணியே குடிக்கமாட்டாரா" என்று அம்மா கவலைப்படுவாள்.

எனக்கு வேண்டியது பாதாளச் சிறை. மூன்றாவது கோட்டையில் ஒன்று இருந்தது, இரும்புக் கம்பி போட்ட குழியோடு. அம்மாவுக்கோ கோட்டை கண்ணிலேயே படவில்லை. கிராமம் வந்தால் மட்டும் நிறுத்தச் சொல்லுவாள். கடை இருக்கிறதா, மருந்து கிடைக்குமா, பொழுது சாய்ந்த பிறகு பஸ் உண்டா, பொம்பளப் பிள்ளைகள் தனியாக நடக்கிறார்களா என்று ஒவ்வொரு வீட்டு வாசலையும் உற்றுப் பார்ப்பாள். ஒரு பகல் சுற்றிவிட்டு வருவதற்கு இவ்வளவு விசாரணையா என்று எனக்கு எரிச்சலாக வரும். அக்கா போனிலிருந்து தலையைத் தூக்காமல், "பஸ் இருக்கும்மா. எவ்ரி ஹாஃப் அவர்" என்பாள். அம்மா நம்பமாட்டாள்.

கால் பழகவேண்டும் என்று ஒரு சனிக்கிழமை சான் ஹோசே பக்கத்து மலை ஒன்றுக்குப் போனோம். வாசலிலேயே மலைச்சிங்கம் நடமாடும் இடம் என்று பலகை. "சிங்கம் இருக்கிற காட்டுக்குப் புள்ளைகளைக் கூட்டீட்டு வந்திருக்கீங்க, நல்லா இருக்குதுங்க உங்க திட்டம்" என்று சொல்லிவிட்டு, சுடிதாரும் புது ஷூவுமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு அம்மாதான் முதலில் ஏறினாள். பாதி மலையில் குதிகாலில் கொப்புளம் வெடித்துவிட்டது. திரும்பிவிடலாம் என்று அப்பா சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அன்னிக்கு நான் முன்னாடி நடக்கோணும். என்னால யாரும் நின்னுடக் கூடாது" என்றாள். நொண்டிக்கொண்டே மேலே வந்து சேர்ந்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், எங்கள் விசா காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் வக்கீலம்மாவிடமிருந்து போன் வந்தது. அப்பா பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரிந்தது வளர்ந்த பிறகுதான். அப்பா, அம்மா இரண்டு பேரின் விசா முத்திரையும் காலாவதியாகி நாளாயிருந்தது. அமெரிக்காவுக்கு உள்ளேயே இருக்கும்வரை தொந்தரவில்லை. வெளியே காலை வைத்தால் புது முத்திரை குத்தி வாங்கினால்தான் திரும்பி வரமுடியும். அது எப்போது கிடைக்கும் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். அங்கே மாட்டிக்கொண்டால் வேலை போகும், வேலையோடு இத்தனை வருஷம் காத்திருந்த கிரீன் கார்டு வரிசையும் போகும். போகவே போகாதீர்கள் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வெண்டைக்காய்க் குழம்பு என்பதால் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா எப்போதும்போல வயரைச் செருகினார். ஜெர்மன்காரர் மூச்சிரைக்க நடக்க ஆரம்பித்தார். அதுவரை ஒதுங்கியே கிடந்த அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தரையில் வந்து அம்மாவின் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த செகண்ட் கோட்டையில நாம லஞ்ச் சாப்பிடலாம்ப்பா. புல் தரை இருக்கு."

"சாப்பிடலாம் அம்மணி. தயிர் சாதம் அதுக்குள்ள புளிச்சுப் போகாதா?"

"பால் ஊத்திப் பெசஞ்சு கொஞ்சமா ஒறை விட்டா புளிக்காதுங்க" என்றாள் அம்மா, அக்காவின் தலையைக் கோதிக்கொண்டே.

மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஊறுகாய் எடுத்துக்கொள்வதா மோர் மிளகாயா என்று அரைமணி நேரம் பேசினார்கள். அப்பா பாதையை நீட்டிக்கொண்டே போனார். அடுத்த வாரம் ஒரு ஏரியைச் சேர்த்தார், அதற்கடுத்த வாரம் இன்னொரு கிராமம். அவ்வளவு தூரம் நடந்தால் இருட்டிவிடும், பாதாளச் சிறையைப் பூட்டிவிடுவார்கள் என்று நான் ஒருத்திதான் சண்டை போட்டேன். "பூட்டமாட்டாங்க கண்ணு" என்று அப்பா சமாதானம் சொன்னார்.

எனக்குச் சொல்லவேண்டிய வேலையை ஒவ்வொருவரும் மற்றவர் தலையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். கடைசியில் அது அக்காவிடமே வந்து சேர்ந்தது. ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில், ஃப்ரீவேயில், டார்ச் லைட் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பாப்பா, நீங்கல்லாம் வரல. நான் மட்டும்தான் போறேன்."

நான் ஓவென்று அழுதேன். மூன்று கோட்டைக்காகவும், முக்கியமாக அந்தக் கம்பி போட்ட குழிக்காகவும் அழுதேன். அக்கா தன் சட்டைக் கையால் என் மூக்கைத் துடைத்தாள். நூறு போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றாள். செக்யூரிட்டி வரிசையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். அம்மாவும் சிரித்த முகமாகக் கையாட்டினாள். அதன்பிறகு நாங்கள் நாலு பேரும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கப் பல வருஷங்கள் ஆகும் என்று அப்போது அப்பாவுக்கும் தெரிந்திருக்காது.

திரும்பி வரும்போது அம்மா முன்சீட்டில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். எனக்குப் பாவமாக இருந்தது. பின்சீட்டிலிருந்து எக்கி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். "நெக்ஸ்ட் இயர் கண்டிப்பா போலாம்மா. கோட்டை எங்கயும் ஓடிப்போயிடாது" என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். அம்மாவுக்கும் கோட்டை பார்க்க அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.