திங்கட்கிழமை பூட்டிய வீடு

தட். தட்.

மைத்தட்டில் ஒன்று, தாளில் ஒன்று. தபால் கந்தோரில் யாரோ முத்திரை குத்துகிறார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் தோள்கள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. கையில் பொதியோடு வரிசையில் நிற்கிறேன். காதோ தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மனியின் ஹம் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில், ஒரு மரக் கதிரையின் நுனியில் போய் உட்கார்ந்துவிட்டது.

பக்கத்துக் கதிரையில் மன்னார்க்காரர் ஒருவர். முப்பதைத் தொட்டவர். அகதி வழக்கு முடியும்வரை நகர எல்லையைத் தாண்ட அவருக்கு அனுமதியில்லை. ஒருமுறை அனுமதிக் கடதாசி இல்லாமல் பக்கத்து நகரமான டோட்முண்டுக்குப் போய்ப் பிடிபட்டுத் தண்டமும் கட்டியிருந்தார். இன்னொரு முறை என்றால் அது குற்றவழக்கு. எனக்கு விசா இருந்தது, மொழியும் இருந்தது. மொழிபெயர்க்கப் போயிருந்தேன்.

நாங்கள் கேட்டது ஒரு நாள் பயண அனுமதி. இந்த நாட்டின் முதல் சான்சலராக இருந்த தலைவர் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று காரணம் எழுதியிருந்தோம். பொன் என்னும் நகருக்கு அருகே, ரைன் நதியைப் பார்த்தபடி மலைச்சரிவில் நிற்கும் வீடு. அவர் இறந்த பிறகும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். உண்மையான காரணம், பொம்பிளை பார்ப்பது.

பெண் கொலோனில் இருந்தாள். தொலைபேசியில் இருவரும் பேசிப் பிடித்துப்போயிருந்தது. அவளுடைய படம் அவரது சட்டைப்பையில் மூலை மடிந்து கிடந்தது. ஆனால் நான் தொலைபேசியில் எவ்வளவு கேட்டும் பெண்ணின் தாயார் மசியவில்லை.

“வீட்ட வந்து பாத்திட்டுப் போய், பிறகு சரிவராட்டி, கொலோன் முழுக்கக் கதைக்கும் பிள்ளை. வீட்ட வேண்டாம்.”

“அப்ப பெரிய கோயிலடியில சந்திப்பமோ?”

“அங்கதானே எல்லாத் தமிழாக்களும் நிக்கிறது.”

“ஹம்முக்கு வாறீங்களோ?”

“பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு நாங்கள் மாப்பிளையைத் தேடி வாறதோ? நல்ல கதை.”

தமிழர் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம் வேண்டும். தலைவர் வீடு என்பது என் யோசனைதான். அந்தத் தலைவரும் அவர்களைப்போலக் கத்தோலிக்கர் என்று சொன்னதும் தாயாரின் குரல் சற்று இளகியது.

“எங்கட தலைவர்மாற்ற வீட்டையே நாங்கள் ஒருத்தரும் போய்ப் பாக்கேல்லை. அவற்ற வீட்டுக்கு ஆர் வரப்போகினம்? சரி.” பிறகு, தணிந்து: “அடுத்த மாதம் கனடாவில இருந்து இவளைப் பொம்பிளை பாக்க ஒரு பகுதி வருகினம். அதுக்கு முதல் இவர் வந்து முகத்தைக் காட்டோணும். பிறகு என்னைக் குறை சொல்லப்படாது.”

தெரிந்தவர்களைப் பார்க்க என்று முன்பு கேட்டபோது அனுமதி மறுத்துவிட்டார்கள். ஆகவே தலைவர்.

என் குசினியில், சாப்பாட்டு மேசையில் அந்த வீட்டின் துண்டுப்பிரசுரத்தை விரித்து வைத்துத் திட்டம் போட்டோம். எழுந்து போன மனிதனுக்காகக் காத்திருக்கும் கதிரை. மடிக்காத மூக்குக்கண்ணாடி. ஆணியில் தொப்பி. தோட்டமெல்லாம் றோசா. நாங்கள் விட்டு வந்த கதிரைகளில் யார் இருக்கிறார்களோ, இந்தக் கதிரையில் மட்டும் ஒருவரும் இருக்கக்கூடாதாம். நான் அதிலேயே நின்றுவிட்டேன். மன்னார்க்காரர் நிற்கவில்லை.

“செத்த மனுசன்ர தொப்பிக்கு ஒரு முழு அறை. உயிரோட இருக்கிற நாங்கள் நாலு பேர் ஓர் அறையில. தலைவராப் பிறந்திருக்கோணும் அக்கா.”

“முதல்ல மாப்பிளையாகும். என்ன பாக்கப் போறீர் எண்டு கந்தோர் அதிகாரி கேட்டால்?”

“றோசன்.”

“ஓம், றோசாப்பூவுக்கு அதுதான் ஜெர்மன். சத்தமாச் சொல்லும்.”

“றோசன்.”

நாள் திங்கட்கிழமை. பெண் முடி அலங்காரக் கடையொன்றில் தொழில் பழகிக்கொண்டிருந்தாள்; அந்தக் கடைகளுக்கெல்லாம் திங்கள்தான் விடுமுறை. எந்த ரயில், எங்கே மாறுவது, எந்தச் சேட்டுப் போடுவது என்று எல்லாம் பார்த்தோம். வீடு என்றைக்குத் திறந்திருக்கும் என்று மட்டும் பார்க்கவில்லை. வீடு என்றால் திறந்திருக்கும் என்றுதான் எங்களுக்கு எண்ணம்.

அந்த அலுவலகத்தில் அதிகாரி எங்கள் தாளைப் படித்தார். என்னை விட்டுவிட்டு நேராக மன்னார்க்காரரைக் கேட்டார்: அங்கே என்ன பார்க்க விரும்புகிறீர்கள்?

“றோசன்.”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. சிறுவயதில் பள்ளிக்கூடத்திலிருந்து தன்னை அங்கே கூட்டிப்போனார்கள், ஏறி ஏறிக் கால் கடுத்தது என்றார். முத்திரைக் கட்டையை எடுத்தார். பிறகு திகதியைப் பார்த்தார்.

“திங்களா? திங்களில் அந்த வீடு பூட்டியிருக்கும்.”

அதிகாரியே பரவாயில்லை என்பதுபோலக் கையசைத்தார். நானே மாற்றித் தருகிறேன், செவ்வாய் போடுகிறேன் என்று பேனையைத் திறந்தார். மறுத்திருந்தால்கூடக் கெஞ்சியிருக்கலாம். உதவ வருகிறவரிடம் என்ன சொல்வது? செவ்வாய் என்றால் அவள் கடையில் நிற்பாள். செவ்வாய் என்றால் கனடா.

“அக்கா, வெளியில நிண்டு பாத்தாலும் எனக்குக் காணும் எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். பூட்டிய வீட்டைப் பார்க்க இவ்வளவு தூரம் போவது ஏன்? நான் வாய் திறப்பதற்குள் மன்னார்க்காரர் சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு தன்னிடம் இருந்த ஜெர்மன் முழுவதையும் அதன் பக்கத்தில் வைத்தார்: “ஃபிறாவ். ஃபிறிசோர். மொண்டாக் ஃபிறை.”

பெண். முடிக்கடை. திங்கள் விடுமுறை.

அதிகாரி படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். எங்கள் தாளைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தார். எழுதியதொன்று, சொன்னதொன்று, அதற்காகவே கிழித்துப் போடலாம். பக்கத்து அறையில் யாருக்கோ தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

தட். தட்.

“இரவுக்குள் திரும்பிவிட வேண்டும்” என்றார். படத்தை எடுக்கும்படி விரலால் காட்டினார்.

அன்று பின்னேரம் தாயாருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன், வீடு பூட்டியிருக்குமாம் என்று. “பூட்டின வீட்டுக்கு முன்னால, றோட்டில வச்சுப் பிள்ளையைக் காட்டுறதோ?” பிறகு, “பாப்பம்.” வைத்துவிட்டார். எங்கள் ஊரில் பாப்பம் என்பது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

திங்கள் காலை ஹம் நிலையத்தில் அவர் சேட்டைப் பெட்டிமடிப்புக் கலையாமல் அணிந்து, ஒரு பையில் திராட்சைப்பழத்தோடு நின்றார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போக அவருக்கு ஏலாது, அது பூட்டிய வீடானாலும். அனுமதித் தாளைத் தொட்டுப் பார்த்தார். படத்தைத் தொட்டுப் பார்த்தார். ரயில் வந்து நின்றது. ஏறியவர் கதவிலேயே திரும்பி நின்றார்.

“அக்கா, அவளும் தாயும் வராட்டி?”

“வராட்டியும் நீர் வீடு பாக்கத்தானே போறீர், தம்பி. வடிவாப் பாத்திட்டு வாரும்.”