கருவாட்டு அண்ணனும் மூன்று படகுகளும்

நடந்ததை முதலில் வரிசையாக வைத்துவிடுகிறேன்.

1. இதுவரை ஏழு பாகங்கள் வந்துவிட்ட ஒரு மாயாஜால வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகத்தில், ஆளே இல்லாத ஒரு மீன்பிடிக் கிராமம் வருகிறது.
2. கடலரசியின் சாபத்தால் அந்தக் கிராமம் முழுவதும் ஒரே நாளில் மூழ்கிச் செத்தது என்று என் தோழி ஒரு தியரி எழுதினாள். எங்கள் தமிழ் ரசிகர் குழுவில் அதுதான் வேதம்.
3. ஒருவரும் சாகவில்லை என்று, கருவாட்டுப் படம் வைத்த ஒரு கணக்கு மறுத்து எழுதியது.
4. அந்தக் கணக்கு என்னுடையது.
5. அது தோழிக்குத் தெரியாது.
6. கருவாட்டுக்குப் பதில் எழுத அவள் என்னிடம் உதவி கேட்டாள். உதவினேன்.
7. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழுவின் நேரலையில், என் அம்மா ஆண்குரலில் பேசினார்.

ஆறிலிருந்து ஏழுக்கு எப்படிப் போனோம் என்பதற்குத்தான் விளக்கம் தேவை.

தோழி கனமூலை ஊர்க்காரி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொதுப் பாடங்களுக்கு ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தோம். அவள் கணினி, நான் இயந்திரம். இப்போது அவள் வீட்டிலிருந்தே இணையத்தளங்கள் செய்து கொடுக்கிறாள். நான் இறால் பண்ணைகளில் தண்ணீருக்குக் காற்றடிக்கும் இயந்திரங்களைத் திருத்துகிறேன். அந்த விளையாட்டை எனக்கு அறிமுகப்படுத்தியதும் அவள்தான். நான் பேயைக் கொன்றோமா, அடுத்த கட்டத்துக்குப் போனோமா என்று ஆடுபவள். அவள் பேயின் சட்டைப் பொத்தானில் என்ன பூ செதுக்கியிருக்கிறது என்று பார்ப்பவள்.

அந்த ஆளற்ற கிராமத்தைப் பற்றி அவளிடம் ஐந்து சான்றுகள் இருந்தன. கதவுகள் வெளியிலிருந்து கயிற்றால் கட்டப்பட்டிருக்கின்றன. பானைகள் எல்லாம் கவிழ்ந்திருக்கின்றன. வீடுகளின் மாடங்களில் சிலை இருந்த தடம் இருக்கிறது, சிலை இல்லை. விளையாட்டின் நாட்காட்டியில் வருடத்துக்கு ஒரே ஒருநாள் கோவில் மணி அடித்து மெழுகுதிரிகள் எரிகின்றன. கரையில் மூன்று படகுகள் குப்புறக் கிடக்கின்றன. இதையெல்லாம் சேர்த்து, செத்தவர்களே வருடத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து மணி அடிக்கிறார்கள் என்று அவள் முடித்திருந்தாள். வாசித்தால் முதுகு சில்லிடும். நன்றாக எழுதுவாள்.

ஒரு மழை வாரத்தில் இரண்டாம் பாகத்தை மறுபடி ஆடினேன். அந்தக் கிராமத்துக்குள் நுழைந்து இரண்டு வீடு பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் வீடு.

நாங்கள் மேற்குக் கரையில், தலவில பக்கம். இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் எங்கள் ஆட்கள் வீட்டைக் கட்டிவைத்துவிட்டு, கிழக்குக் கரைக்குப் போய் வாடி போட்டுத் தொழில் செய்வார்கள். வாடி என்றால் ஓலையும் தகரமுமாக ஒரு பருவத்துக்கு மட்டும் எழும்பும் குடில். போகும்போது அம்மா பானைகளைக் கவிழ்த்து வைப்பார், இல்லாவிட்டால் எலி குடித்தனம் நடத்தும். வீட்டு மாடத்தில் இருக்கும் புனித அன்னம்மாள் சுரூபத்தைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவார். ஆகஸ்டில் தலவிலத் திருவிழாவுக்கு எல்லோரும் பஸ் பிடித்து வந்து, மெழுகுதிரி கொளுத்தி, கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். இடையில் யாராவது வெளியூர்க்காரர் எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்தால், அவருக்கும் கடலரசியின் சாபம்தான் நினைவுக்கு வரும்.

இதை அவளிடம் நேராகவே சொல்லியிருக்கலாம். ஆனால் அதே வாரம்தான், நான் கேட்ட வேறொரு சின்னச் சந்தேகத்துக்கு அவள் குழுவில் எல்லோருக்கும் முன்னால், "நீ மெஷினப் பாரு புள்ள, கதைய என்ட கைல உடு" என்று எழுதியிருந்தாள். அதன் கீழே பொடியன்கள் வரிசையாகச் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்கும் கதை சொல்ல ஆசையாக இருந்தது.

அம்மா பாயில் காயவைத்திருந்த கட்டா மீன் கருவாட்டைப் படம் பிடித்து, அதை முகமாக வைத்து ஒரு கணக்குத் திறந்தேன். "இந்த ஊர் சாகவில்லை. தொழிலுக்குப் போயிருக்கிறது" என்று தொடங்கி நான்கு சான்றுகளை விளக்கினேன். ஐந்தாவதை, அந்த மூன்று படகுகளை, தொடவில்லை. எனக்கு அவற்றுக்கு விளக்கம் தெரியாது. பொருந்தாத அளவை அறிக்கையில் எழுதாமல் விடுவது எங்கள் தொழிலில் கூடாத பழக்கம், ஆனால் உள்ள பழக்கம்.

குழு இரண்டாக உடைந்தது. கருவாட்டை யாரும் பெண் என்று நினைக்கவில்லை. ஒரே நாளில் 'கருவாட்டு அண்ணன்' ஆனேன். மூன்றாம் நாள், அண்ணன் கட்டார் நாட்டில் வேலை செய்கிறார், வயது நாற்பத்தைந்து இருக்கும் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

தோழி தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு எனக்கு அழைப்பாள். அதுவரை அந்த நேரத்தில் விளையாட்டு, வேலை, அவளுடைய வாப்பாவின் புது மோட்டார் சைக்கிள் என்று எல்லாக் கதையும் வரும். இப்போது கருவாடு மட்டும்தான்.

"அந்தக் கருவாடு இண்டைக்கி என்ன எழுதீக்கிண்டு பாத்தியா? பானையக் கவுத்து வெச்சீக்கிறது எலிக்காமே! எலி! எவ்வளவு பெரிய சாபத்தக் கொண்டு போய் ஒரு எலிட தலைல கட்டீட்டான்!"

"அவர் சொல்றதிலயும் கொஞ்சம் நியாயம் இருக்குது."

"நீ எந்தப் பக்கம்?"

"உன்ட பக்கம்தான்."

அது பொய் அல்ல. நான் இரண்டு பக்கமும் இருந்தேன். அவளுக்காக அட்டவணை போட்டேன். மாடங்களின் உயரம், கயிற்றின் முடிச்சு, மணி அடிக்கும் தடவை என்று எல்லாவற்றையும் விளையாட்டுக்குள் போய் அளந்து கொடுத்தேன். அவள் அதை வைத்து எழுதிய பதில் அவ்வளவு கூராக இருந்தது, கருவாட்டு அண்ணன் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. என்னை நானே தோற்கடித்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒருவர் குழுவில் ஒரு யோசனை வைத்தார். குழுவின் உச்சியில் இரண்டு வருடமாகக் குத்திவைக்கப்பட்டிருப்பது தோழியின் தியரி. இனி அங்கே யாருடையது இருக்கவேண்டும் என்பதை ஒரு நேரலை விவாதத்தில் முடிவு செய்வோம் என்றார். அன்று ஆறு மணிக்கு வந்த அழைப்பில் அவள் திட்டவில்லை.

"ரெண்டு வருசம் புள்ள," என்றாள். "மொதல்ல நான் எழுதக்குள்ள, பொம்புளப் புள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்குண்டு கேட்டவங்கதான் எல்லாரும். அந்த எடத்துல ஈக்கிறது ஒண்ணுதான் என்ட."

பிறகு அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பண்ணைக் கரையில், சுற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பார்த்தபடி நின்றேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் அதற்குப் பதிலாக ஒரு திட்டம் போட்டேன்.

திட்டம் நல்ல திட்டம். கருவாட்டு அண்ணன் நேரலைக்கு வருவார். கொஞ்சம் பேசுவார். மரியாதையாகத் தோற்பார். பிறகு கட்டாரில் வேலை கூடிவிட்டது என்று நிரந்தரமாகக் காணாமல் போவார். ஒரே ஒரு சிக்கல். நேரலை அன்று ஒலியைக் கவனிக்க நான் தோழியின் பக்கத்தில் இருக்கவேண்டும். அப்பா கடலில் இருப்பார். மிஞ்சியது அம்மா.

பழைய போனில் குரலை மாற்றும் செயலியைப் போட்டு, ஆண்குரலைத் தெரிவு செய்து கொடுத்தேன். அம்மா பேசிப்பார்த்துவிட்டு, "கோயில் மூப்பர் மாதிரி இருக்குது" என்று திருப்திப்பட்டார். பிறகு கேட்டார்.

"யாரை ஏமாத்தப் போறம்?"

"ஒருத்தரையும் இல்லம்மா. இது விளையாட்டு."

"விளையாட்டெண்டா ஏன்டி என்ட குரல ஆம்பிளக் குரலாக்கிற?"

ஒரு தாளைக் கொடுத்தேன். எந்தக் கேள்விக்கு என்ன சொல்லவேண்டும் என்று ஒன்பது குறிப்புகள். கடைசிக் குறிப்பு: 'தங்கச்சி சொல்றதுதான் சரி.' பத்தாவதாக ஒன்று எழுதியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் பேசப்போவது யார் என்று அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை.

ஞாயிறு மத்தியானம் கனமூலையில் தோழியின் அறையில் எல்லாம் தயார். அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது, இரண்டு நாளாகப் பேசிப் பழகியிருக்கிறாள். ஸலாமும் வணக்கமும் சொல்லித் தொடங்கினாள்.

"கருவாட்டு அண்ணன், வந்ததுக்கு நன்றி. மொதல்ல பானைலருந்து தொடங்குவம்."

பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த ஆண்குரல்:

"மகள்? நம்மட கனமூலப் புள்ளதானே கதைக்கிற? என்ன புள்ள குரல் அடைச்சுப் போய்க் கிடக்குது? சாப்பிட்டியா? நான் குடுத்துவிட்ட கட்டாக் கருவாடு முடிஞ்சிட்டா?"

திரையில் கருத்துகள் பாய்ந்தன. 'அண்ணனுக்கு என்ன பாசம்!' 'கட்டார்லருந்து கருவாடு அனுப்புறாரா?' 'அண்ணன் எனக்கும் ஒரு கிலோ.'

தோழி திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கருவாடு போன கிழமை என் பையில்தான் வந்தது. அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அவள் கை மட்டும் தானாகப் போய் ஒலியை நிறுத்தியது.

"நீயா?"

"ஓம்."

"எல்லாமா? எலியுமா?"

"எலியும்."

அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தியரிய ஒடச்சது பரவால்ல. அவன்ட கரச்சலச் சொல்லி நான் ஒன்கிட்டதானே அழுதேன்."

என்னிடம் பட்டியல் எதுவும் இல்லை. "பிழைதான்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்தாள், தோடம்பழச் சாற்றைக் கொஞ்சம் குடித்தாள், ஒலியைத் திறந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டேன். எனக்குத் தெரிந்த வெளிச்சம் அது. கல்லூரியில் விரிவுரையாளரை மடக்குவதற்கு முன் வரும்.

"கருவாடு இன்னும் ஈக்கி, அண்ணன். நல்ல ருசி. ஒரே ஒரு கேள்விதான். வாடிக்குப் போற ஆக்கள் போட்ட விட்டுட்டுப் போவாங்களா?"

ஒன்பது குறிப்புகளில் படகு இல்லை.

"சீச்சீ," என்றது கனத்த குரல். "போட்ட விட்டிட்டுப் போய் அங்க என்ன செய்யிற? லொறியில ஏத்திக்கொண்டுதான் போவம்."

முடிந்தது. என் தியரியை என் அம்மாவே உடைத்தார். பொடியன்கள் ஆரவாரம் செய்தார்கள். தோழி என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். ஆனால் அம்மா முடிக்கவில்லை.

"ஏன் மகள், போட்டு கிடக்குதா அங்க?"

"மூணு ஈக்கி. கரைல."

"நிமிந்து கிடக்குதா, குப்புறவா?"

"குப்புற."

"அப்ப அந்த மூண்டு வீட்டிலயும் ஆம்பிள கடலோட போயிட்டாங்க. அப்பிடி நடந்த வருசம் அந்தப் போட்ட ஒருத்தரும் தொட மாட்டாங்க, மகள். கவுத்து வெச்சிட்டு, பொம்பிளயையும் புள்ளையளையும் மற்றாக்கள் தங்கட லொறியில கூட்டிக்கொண்டு போவாங்க. எங்கட கரையிலயும் ஒண்டு கிடந்தது."

கருத்துகள் நின்றன. நானும் அந்தப் படகைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதன் நிழலில் இருந்து கச்சான் கொட்டை தின்றிருக்கிறேன். யாருடையது என்று கேட்டதில்லை.

"அப்ப மூணு பேரு மூழ்கினது சரி," என்றாள் தோழி. "மத்தவங்க போனதும் சரி. நன்றி, ஆன்ட்டி."

'ஆன்ட்டியா?' என்று திரை முழுக்க எழுந்தது. அவள் நேரலையை மூடினாள்.

பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தாள். அன்று ஆறு மணிக்கு அழைப்பு வரவில்லை. ஒன்பது நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. என் வழக்கப்படியே இலக்கம் போட்டு, நான்கு நிபந்தனைகள். நான்காவது, ஆன்ட்டியிடம் சொல்லி இன்னும் கருவாடு அனுப்பவேண்டும் என்பது. நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்று பதில் போட்டேன்.

இப்போதைய நிலை இதுதான். எட்டாம் பாகம் இன்னும் வரவில்லை. குழுவின் உச்சியில் இருப்பது தோழி எழுதிய புதுத் தியரி, முதல் வரியில் 'சொன்னவர்: ஆன்ட்டி' என்று இருக்கிறது. கருவாட்டுக் கணக்கின் கடவுச்சொல் அவளிடம் இருக்கிறது. மாதம் ஒரு நேரலையில் அம்மா தன் சொந்தக் குரலில் வந்து, அந்த விளையாட்டில் உலை வைக்கும் முறை பிழை, வலை காயப்போடும் முறை பிழை என்று குறை சொல்கிறார். ஒலியை நான்தான் கவனிக்கிறேன். இரண்டாம் நிபந்தனைப்படி, அந்த நேரத்தில் என் போன் ஒரு பிஸ்கட் டின்னுக்குள், அவளுடைய அலுமாரிக்கு மேலே இருக்கும். அவள் என்னோடு கதைக்கிறாள், சிரிக்கிறாள். பின்னேரம் ஆறு மணி அழைப்பு மட்டும் இன்னும் மறுபடி தொடங்கவில்லை.