பிளானைப் படிக்காமல் யெஸ் அடித்த கை

என் ஆண்டவர் எனக்குச் செய்ததை என்னால் வாய்மூடி வைத்துக்கொள்ள முடியாது. பெருமை அடிக்கிறாள் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த ஒரு விஷயத்தில் பெருமை அடிக்கத்தான் போகிறேன்.

என் பெயர் சுகந்தி. அனுமந்தன்பட்டியில் இருக்கிறோம். என் கணவர் தேவராஜ் திராட்சை விவசாயி. இரண்டு வருடங்களுக்கு முன் கவாத்து வெட்டும்போது பந்தலிலிருந்து பின்பக்கமாக விழுந்தார். முதுகெலும்பில் அடி. அன்றிலிருந்து கட்டில்தான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதை என்னைத் தவிர யார் செய்தாலும் அவருக்கு வலிக்கும்.

நான் சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சர்வர்களை ஒவ்வொன்றாகக் கையால் அமைக்காமல், என்னென்ன வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்துத் தானே கட்டித் தருகிற கருவி ஒன்று இருக்கிறது. அதை ஓட்டுவதுதான் என் வேலை. முக்கியமான கட்டளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இனிட் அடித்தால் அது வேண்டிய துணைச் சாமான்களை இறக்கித் தயாராகும். வேலிடேட், எழுதியதில் பிழை உண்டா என்று பார்க்கும். பிளான், எதைக் கட்டப் போகிறது, எதை மாற்றப் போகிறது, எதை அழிக்கப் போகிறது என்று முன்கூட்டியே காட்டும். அப்ளை, நாம் யெஸ் என்று அடித்ததும் அதைச் செய்து முடிக்கும். டெஸ்ட்ராய், கட்டியதையெல்லாம் இடித்துப் போடும்.

எங்கள் பக்கம் மலையில் இடி இடித்தாலே கரண்ட் போய்விடும். மும்முனை கரண்ட் வந்தது என்றால் ஆளாளுக்குத் தோட்டத்துக்கு ஓடி மோட்டார் போடுகிற ஊர் இது. எனக்கும் அதே கைதான். கரண்ட் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பிளானைப் படிக்கவே மாட்டேன். நேராக அப்ளை. அது யெஸ் கேட்டு நிற்காமலிருக்க ஆட்டோ அப்ரூவ் என்றும் சேர்த்து அடித்துவிடுவேன். ஐந்து வருடம் அப்படியே ஓடியது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போன அக்டோபரில் ஒரு மதியம், அப்ளை பாதி ஓடும்போது கரண்ட் போனது. என் லேப்டாப் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. திரை அணைந்தது. ஒருவர் வேலை செய்யும்போது இன்னொருவர் கை வைக்காதபடி அந்தக் கருவி பூட்டுப் போட்டுக்கொள்ளும். என் லேப்டாப் அணைந்துவிட்டது, பூட்டு அப்படியே நின்றது. கரண்ட் வரும்வரை எங்கள் குழுவே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "மேடம், மாசக் கடைசிக்குள்ள இந்தக் கருவிக்கான சர்ட்டிஃபிகேட் தேர்வுல பாஸ் பண்ணுங்க. முடியலைன்னா சென்னை ஆபீஸுக்கு வந்து உட்காருங்க. கரண்ட் கதை இனிமே வேண்டாம்" என்றார். சென்னைக்கு நான் போனால் இவரைப் புரட்டிப் போட யார் இருக்கிறார்கள்?

வீட்டிலிருந்தபடியே தேர்வு எழுதினேன். படிக்கவே இல்லை. தினமும் ஓட்டுகிறவளுக்குப் பாடம் எதற்கு என்ற திமிர். கேட்டதெல்லாம் பிளானையும் பூட்டையும் பற்றித்தான். சேமித்து வைத்த பிளானைக் கொடுத்து அப்ளை செய்தால் மறுபடி யெஸ் கேட்குமா? ஃபோர்ஸ் அன்லாக் செய்தால் பூட்டு மட்டும் போகுமா, பாதியில் நின்ற வேலையும் சரியாகுமா? ஏதோ ஒன்றை அழுத்தினேன். தோற்றேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்னும் ஒரு வாய்ப்புதான். மறு வெள்ளிக்கிழமை. தோற்ற அன்று சாயங்காலமே கட்டிலருகே முழங்காலில் நின்று ஜெபித்தேன். ஆண்டவரே, அந்த ஒரு மணி நேரம் மட்டும் கரண்ட் போகக்கூடாது, ஆமென். எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

"ஏ சுகந்தி, இங்கன வா" என்று கூப்பிட்டார் என் கணவர். "நீ ஜெபம் பண்றதும் உன் வேலை மாதிரியேதான் இருக்கு. கேட்டுட்டு, அவரு என்ன சொல்றாருன்னு நிக்காம ஆமென்னு எந்திரிச்சுப் போயிர்றே."

"என்னங்க சொல்றீக? சோறு பொங்குது."

"பொங்கட்டும். நான் கத்திரிய வைக்கிறதுக்கு முன்னாடி கொடிய மேலயும் கீழயும் பாத்துட்டுத்தானே வெட்டுவேன். நீ எதையும் பாக்க மாட்டே."

எனக்குக் கோபம் வந்தது. படுத்திருக்கிற மனுஷனுக்குப் பேச்சைப் பார் என்று முணுமுணுத்தேன். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு கட்டளையையும் நிதானமாகப் படித்தேன். பிளான் காட்டுகிற ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்தேன். அவர் கட்டிலில் இருந்தபடியே "அழிக்கப் போறது எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். காலையில் ஜெபித்த பிறகு உடனே எழாமல் சும்மா நின்றேன்.

மூன்றாம் நாள் காலை அப்படி நிற்கும்போது கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. அந்த அமைதியில், தெருமுனையில் உள்ள எங்கள் ஆலயத்து மைக்கில் காலைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது கேட்டது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, ஆலயத்து மைக் மட்டும் பாடுகிறது! எத்தனையோ நாள் அது அப்படிப் பாடியிருக்கும். நான்தான் நின்று கேட்டதில்லை.

போதகர் வீட்டுக்கு ஓடினேன். தேர்வு விஷயத்தைச் சொல்லி, கரண்ட் இல்லாமல் மைக் எப்படிப் பாடுகிறது என்று கேட்டதும் போதகரம்மா சிரித்தார்கள். "ஞாயித்துக்கெழம ஆராதனைய நெட்டுல காட்டுறோம்ல, அதுக்குன்னு நம்ம சபைப் பிள்ளைக பெரிய பேட்டரியா வாங்கிக் குடுத்திருக்காக. நெட்டும் அதுலதான் ஓடுது. அங்கன பக்கத்து ரூமுல வந்து எழுதும்மா. ஐயாவும் சரின்னுதான் சொல்லுவாக."

வெள்ளிக்கிழமை மழை. ஆலயத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்தேன். தேர்வைக் கண்காணிக்கிறவர் எங்கிருந்தோ லேப்டாப் வழியாக ஆங்கிலத்தில் பேசினார். கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். சுவர் முழுக்க எழுத்து இருக்கிறது, அதை மறைத்தால்தான் தேர்வு என்றார். அது சபையின் வருட வாக்குத்தத்தம், அந்த வருடத்துக்கென்று எடுத்த வேத வசனம். பெயிண்டில் எழுதியது. எப்படி எடுப்பது? போதகரம்மா கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வைத்திருந்த நீலத் திரையைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார்கள். நட்சத்திரம் ஒட்டிய அந்த வானத்தைப் பார்த்து, போதும் என்றார் கண்காணிக்கிறவர். போதகரம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

நான் கேட்டது கரண்ட் போகக்கூடாது என்று. அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை கரண்ட் போனது. எதிரே மாவு மில் நிற்பதும் ஓடுவதும் கேட்டது. என் திரை ஒரு தடவை கூட மினுக்கவில்லை. கரண்டை நிறுத்தி வைக்காமல், என்னைத் தூக்கி வேறு அறையில் உட்கார வைத்திருந்தார் ஆண்டவர். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்தேன். கடைசிப் பொத்தானை அழுத்தினேன். பாஸ்.

வீடு வரை மழையில் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்த்த உடனே அழுதுவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அதோடு முடியவில்லை. அடுத்த மாதம், குழுவில் ஒருவர் அவசரமாக அப்ளை செய்யச் சொல்லி அனுப்பினார். கரண்ட் இருந்தது. பழைய கையாக இருந்தால் அடித்திருப்பேன். பிளானைப் போட்டேன், கடைசி வரைக்கும் படித்தேன். நடுவில் ஒரு வரி. வாடிக்கையாளர்களின் விவரமெல்லாம் இருக்கிற டேட்டாபேஸை அழித்துப் புதிதாகக் கட்டப் போகிறது! நிறுத்தி, குழுவுக்கு அந்த வரியைக் காட்டினேன். மேனேஜரே கூப்பிட்டார். "சுகந்தி மேடம், இனிமே நீங்க பிளானைப் பார்த்துச் சரின்னு சொல்லாம இங்க யாரும் அப்ளை பண்ணக் கூடாது" என்றார். சென்னைப் பேச்சை அதன்பின் எடுக்கவே இல்லை.

இன்று அந்தக் கம்பெனியில் கடைசி வார்த்தை அனுமந்தன்பட்டியில் இருக்கிறது. சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் இது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் பார்த்தீர்களே.

இதே சாட்சியைப் போன ஞாயிறு எங்கள் ஆலயத்தில் சொன்னேன். விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, சக்கர நாற்காலியில் என் கணவரும் வந்து பின்வரிசையில் இருந்தார். "உங்களுக்கும் ஒரு நெருக்கடி இருக்கும். கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து ஓடாதீர்கள். கொஞ்ச நேரம் அவர் முன்னால் நில்லுங்கள், அவர் பதில் சொல்லுவார்" என்று முடித்தேன். எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே கை தட்டுகிற வழக்கம் கிடையாது. பின்வரிசையிலிருந்து ஒரே ஒருவர் தட்டினார். போதகர் நிமிர்ந்து பார்த்தும் அவர் நிறுத்தவில்லை.