காட்டேரி போட்ட சிலுவை

ஒவ்வொரு வருடமும் தவக்காலத்தில் எங்கள் மாதா கோயிலில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் போடும்போது, என்னை அரண்மனை வாசலில் போர்வீரனாக நிறுத்துவார்கள். ஈட்டியைப் பிடிக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இருபது வருடம் அப்படியே நின்றேன். அதனால்தான், தண்டையார்பேட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் சினிமா எடுக்கப்போவதாகச் சொல்லி, "அண்ணே, நீதான் ரத்தக் காட்டேரி" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ராயபுரம் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஃபாதரிடம் மட்டும் சொல்லவில்லை.

வெளிநாட்டுக் காட்டேரி ஒன்று கன்டெய்னரில் ஒளிந்து வந்து, திருவொற்றியூரில் வாடகைக்கு வீடு பிடிக்கிறது. அது யாரையாவது கடிப்பதற்குள் கொசு அதைக் கடித்துவிடும். கடைசியில் வீட்டுக்காரம்மா சிலுவையைக் காட்ட, காட்டேரி அலறிச் சுருண்டு விழ வேண்டும். இதுதான் கதை.

ஷூட்டிங் அன்று நடுப்பகலில் லாரித் தார்ப்பாயால் ஜன்னலை மூடி இரவாக்கினார்கள். குடைத்துணியில் தைத்த அங்கிக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மாவாக நடித்த பெண் சிலுவையை உயர்த்தினாள். என் வலது கை தானாக எழுந்து நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று போய், முத்தத்துக்காக உதட்டுக்கும் வந்துவிட்டது. கோரைப்பல் விரலில் குத்தியது.

"கட்! காட்டேரி எங்கயாவது சிலுவை போடுமாண்ணே?"

"தெரியாம வந்துட்ச்சுப்பா."

பஸ்ஸில் மாதா கோயிலைக் கடந்தாலே எழும்புகிற கை அது. ஆறு டேக்கிலும் எழும்பியது. டைரக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னொரு வாட்டி கை தூக்குனா, லைட்டு புடிக்கிறவருக்கு அங்கிய மாட்டி வுட்ருவேன்."

லைட்காரர் அப்போதே அங்கியை அளவெடுப்பதுபோல் பார்த்தார். இதை விட்டால் மறுபடி ஈட்டிதான்.

"கையப் பின்னால கட்டிடுப்பா," என்றேன்.

அங்கிக்கு அடியில் கயிறு போட்டு இறுக்கினார்கள். சிலுவை உயர்ந்தது. கை எழும்பப் பார்த்தது, முடியவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து சிலுவைக்கு முன்னால் இப்படி மரம்போல் நின்றதில்லை. அவமானமாக இருந்தது. நிஜமாகவே அழுகை வந்து, அலறிக்கொண்டே விழுந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"செம்ம அண்ணே! சேஃப்டிக்கு இன்னொரு டேக் எடுத்துக்கலாம்."

"அங்கிய அவருக்கே மாட்டு," என்று லைட்காரரைக் காட்டினேன். "மொதல்ல கயித்த அவுத்து வுடு."

அவிழ்த்ததும் ஆற அமர ஒரு சிலுவை போட்டேன். நல்லவேளை, எடுத்ததே போதும் என்று டைரக்டர் விட்டுவிட்டார்.

படம் மாதவரம் பக்கம் ஒரு தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. அந்தக் காட்சியில் விசில் பறந்தது. "இன்னாமா பயந்து சாவுது பாரு!" என்று பின்சீட்டில் ஒருவர் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவி மட்டும் கைதட்டவில்லை. என் காதருகே குனிந்தாள்.

"இன்னாய்யா, கையக் கட்டிப் போட்டாங்களா?"

"உனக்கு எப்டித் தெரியும்?"

"படத்துல தோளு துடிச்சிக்கினு கீதே."

என் மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.