பதினான்காம் அதிகாரத்து 'நீர்'

நெல்லியடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் பதிப்பகம் இருக்கிறது. ஏறுவதற்குப் பதினேழு படி. அங்கே நான் ஆறு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் என்பதால் எல்லோருக்கும் 'மாஸ்டர்'. எங்களுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகங்கள். படமும் தேவாரமும் நன்றி நவிலலுமாகவே நாள் போகும். அதில் சலித்துப்போன பதிப்பாளர், மனுசர் சிரித்து வாசிக்கிற மாதிரி ஒரு காதல் கதை எழுதித் தரச் சொல்லி போன மாரியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தை வைத்து எழுதினால் பழைய மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே கதையைப் பதிப்பகம் ஒன்றில் நடத்தினேன். மெய்ப்புப் பார்க்கும் இளைஞன், வயது இருபத்தெட்டு. கணினியில் பக்கம் அமைக்கும் பெண், வயது இருபத்தைந்து. வயதை மாற்றிவிட்டால் யாருக்கும் பிடிபடாது என்று நினைத்தேன். எங்களிடம் பக்கம் அமைக்கும் பெண்மணிக்கு ஐம்பத்தாறு. கலியாணம் செய்யாதவர், பருத்தித்துறையில் தாயோடு இருக்கிறார். எனக்கு அறுபத்தொன்பது, மனைவி தவறி ஒன்பது வருடம். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் ஆறு தப்படி.

நான் கையால்தான் எழுதுவேன். இருநூற்றுப் பன்னிரண்டு தாளையும் அடிப்பதற்காக அவரிடம் கொடுத்த பிறகுதான் யோசித்தேன். கதையில் வரும் பெண் விசைப்பலகையை வாயால் ஊதிவிட்டுத்தான் வேலை தொடங்குவாள். பிழை கண்டால் 'ச்சு' கொட்டுவாள். இரண்டும் இவருடைய பழக்கங்கள். எழுதும்போது அது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய்.

யாருடைய பிரதியானாலும் அடித்துக்கொண்டே குறை சொல்வது அவர் வழக்கம். இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டு வேலைநாள். மனம் நொந்துபோனார், சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிடுவார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அவர் இல்லாத அந்த மேல்மாடியை நினைக்கப் பயமாக இருந்தது. ஒரு நாளில் என்னோடு கதைக்கிற ஆட்களில் அவரைக் கழித்தால் பால்காரன்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மெய்ப்பு வந்தது. பதின்மூன்று அதிகாரத்தில் பதினொரு பிழைதான். பதினான்காவது, கதாநாயகன் மனம்விட்டுக் கேட்கும் இடம். 'நீங்கள் என்னோடை வாழச் சம்மதிக்கிறியளோ?' என்று நான் எழுதியிருந்தேன். மெய்ப்பில், 'நீர் என்னோடை வாழச் சம்மதிக்கிறீரோ?' என்று இருந்தது.

எங்கள் பக்கத்தில் 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவில் இந்த 'நீர்' இருக்கிறது. மரியாதையும் குறையாது, உரிமையும் குறையாது. புருஷன் பெண்சாதியோடு கதைக்கும் சொல். விரல் தவறியிருந்தால் வினைச்சொல் பழையபடி இருந்திருக்கும். அதுவும் மாறியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். அந்த அதிகாரத்தின் இருபத்துமூன்று இடத்திலும் மாறியிருந்தது.

சிவப்புப் பேனையைத் திறந்தேன், மூடினேன். திருத்தினால் அவரை மறுத்தது போலாகும். திருத்தாமல் விட, அது வெறும் நக்கலாக இருந்துவிட்டால் இந்த வயதில் நான் எப்படி முகம் காட்டுவது?

மூன்றரை மணிக்குப் பதிப்பாளர் கீழே இறங்கியதும் தாளைக் கொண்டுபோய் பக்கம் அமைப்பவர் முன்னால் வைத்தேன். நான் எழுதினது 'நீங்கள்' என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும், மாஸ்டர்," என்றார் திரையைப் பார்த்தபடி. "பதின்மூண்டு அதிகாரம் பொறுத்துப் பாத்தனான். கலியாணம் கேக்கிற இடத்திலையும் நீங்கள் எண்டால், உவனென்ன கச்சேரியிலை அரசாங்க அதிபரின்ரை கையெழுத்துக்கு நிக்கிறானோ?"

பெடியன் மரியாதையாக வளர்ந்தவன் என்று சமாளித்தேன். எழுபதுக்குக் கிட்டின ஆள் மாதிரியெல்லோ கதைக்கிறான் என்றார். கோபமோ என்று கேட்டேன். கோபமென்றால் முதலாம் அதிகாரத்திலேயே, அந்தப் பெட்டை ஊதின இடத்திலேயே, தாளைத் திருப்பித் தந்திருப்பாராம்.

அச்சில் ஒன்றை மாற்றாமல் விடுவதற்கு, அடியில் புள்ளியிட்டு ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். அவருக்கு முன்னாலேயே இருந்து இருபத்துமூன்று தரம் எழுதினேன்.

பருத்தித்துறை பஸ் நாலேகாலுக்கு. அவர் கைப்பையை எடுத்தபோது, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"நாளைக்கு வாறீரோ?"

அவர் படியில் நின்றார்.

"நாளைக்குப் போயா, மாஸ்டர், பௌர்ணமி லீவு. கந்தோர் பூட்டு." இரண்டு படி இறங்கித் திரும்பினார். "வீட்டை வாங்கோ. அம்மாவுக்குச் சொல்லிவைக்கிறன்."

ஓம் என்றேன். பஸ் போன பிறகுதான், எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, எத்தனை மணி என்று கேட்காதது உறைத்தது. அவருடைய தொலைபேசி இலக்கம் பதிப்பாளரிடம் மட்டும்தான் இருந்தது. பதிப்பாளருக்கு ஒன்று தெரிந்தால், பொழுதுபட்டு விளக்கு வைக்க முதல் நெல்லியடி முழுக்கத் தெரிந்துவிடும். வேறு வழியில்லாமல் அவரையே கேட்டேன். இலக்கத்தைச் சொல்ல முதல், ஏன் என்று மூன்று தரம் கேட்டார்.