லேமினேஷன் செய்த பிறப்புச் சான்றிதழ்

தில்லியில், மத்திய அரசு அலுவலகத்தில், முப்பது வருடம் எனக்கு ஒரே வேலை. அடையாள அட்டை கேட்டு வருகிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும். ஊதா மை முத்திரையை நான் நம்பவே மாட்டேன். அதை எந்தச் சந்திலும் செய்து தருவார்கள். காகிதத்தை அழுத்திப் புடைக்க வைத்த எம்பாஸ் முத்திரைதான் எனக்குச் சாட்சி. விரலால் தடவுவேன்; மேடு தட்டவில்லையென்றால் யாராயிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

ஓய்வு பெற்றதும் பொழுது போகவில்லை. மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்த என் பிறப்புச் சான்றிதழையும், மயூர் விஹாரில் இருந்த அக்காவுடையதையும் சரோஜினி நகர் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்தேன். எங்களைப் போன்ற அரசாங்கக் குடும்பங்களுக்கு, எந்தக் காகிதத்துக்கும் பிளாஸ்டிக் சட்டை போட்டால்தான் தூக்கம் வரும். கடைக்காரரின் சூடான உருளை முத்திரையை நசுக்கித் தட்டையாக்கிவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

அடுத்த வருடமே அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாயின. என்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னேன். பரிசோதனைகள் பொருந்தின. உடன்பிறந்தவன் என்று நிரூபிக்கும் காகிதம்தான் பாக்கி. மருத்துவமனையில் எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் வாங்கிப் பார்த்த பெண் பிளாஸ்டிக்கின் மேல் விரலை ஓட்டினாள்.

"அங்கிள்ஜி, இதுல சீலே தெரியல. ஒரிஜினல் கொண்டு வாங்க" என்றாள் இந்தியில்.

"இதுதாம்மா ஒரிஜினல்."

ஊரிலிருந்து புதுப் பிரதி வரவேண்டும் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அவள் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன். அதனால் அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லை.

ஊரில் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கவே வாரக்கணக்காயிற்று. டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ல அழுத? நீ என் தம்பின்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"நான்தான்க்கா கெடுத்துட்டேன்."

"சும்மா கெட. ஜல்தி ஜல்தின்னு பறக்காத. பேப்பர் வரட்டும்."

வந்தது. அவளை எரித்துவிட்டு வந்த ஒன்பதாம் நாள் தபாலில் வந்தது. நாங்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்காது.

ஆறு மாதத்துக்கொரு முறை எனக்கு ரத்தப் பரிசோதனை. "ரெண்டு கிட்னியும் பஹுத் அச்சா, இந்த வயசுக்கு ஆச்சரியம்தான்" என்கிறார் டாக்டர். தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறேன்.